சித்தி எடுத்த வகிடு

அறுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் உடம்பில் எங்காவது ஒரு கட்டியோ மருவோ இருக்கத்தான் செய்கிறது. கல்யாண மண்டபத்தில் நாம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரைக்கும் முட்டிவலிக்கும் வந்து, "இதப் பாருங்க, இது எத்தன வருசமா இருக்குது தெரியுமா?" என்று யாராவது முழங்கையைத் திருப்பிக் காட்டுவதில் வந்து நிற்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது. தலையில், வலது காதுக்குப் பின்னால், முடிக்குள். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருக்கிறது. நான் காட்டுவதில்லை. ஏன் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போன மாதம் வந்த ஒரு போனுக்குப் பிறகு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது.

அப்போது நான் எட்டாவது படித்தேன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அப்பா லாரி ஓட்டினார். கிளம்பிப் போனால் நாக்பூர், பம்பாய் என்று சுற்றிவிட்டு வர ஒரு மாதம்கூட ஆகும். வீட்டில் அம்மா, நான், சித்தி. சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். எனக்கு அவள் அம்மாவில் பாதி, அக்காவில் பாதி.

என் தலை சித்தியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு வார்த்துவிடுவாள். அரப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வடித்த கஞ்சியில் அந்தப் பச்சைப் பொடியைக் குழைத்தால் வருமே ஒரு வழுவழுப்பு, கண்ணில் ஒரு சொட்டு விழுந்தால் வீடே இரண்டாகும்படி கத்துவோமே, அது. கத்தினால் சித்தி அடிக்க மாட்டாள். வாயைக் குவித்துக் கண்ணில் ஊதிவிடுவாள். அவள் மூச்சில் சோம்பு வாசம் அடிக்கும். எந்நேரமும் வாயில் நாலு சோம்பு போட்டு மென்றுகொண்டிருப்பாள்.

அப்படித் தேய்த்துவிடும்போதுதான் ஒரு நாள் அவள் விரல் நின்றது.

"கண்ணு, இங்க வலிக்குதா?"

"இல்லீங்க சித்தி."

அவள் இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு என் விரலைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். அடர்ந்த முடிக்கு அடியில் வழவழவென்று உருண்டையாக ஒன்று இருந்தது. சுண்டைக்காய் அளவு. அமுக்கினால் தோலுக்குள் லேசாக நகர்ந்தது.

"எனக்கும் இருக்குது பாரு. உன்ற வயசுல வந்தது. ஒண்ணும் பண்றதில்ல. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் சாமி குடுத்தது. யாருகிட்டயும் சொல்லிராத."

அதன் பிறகு எனக்கு அது ஒரு பெருமை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கைவிரலை முடிக்குள் விட்டு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். எங்கள் இருவரிடமும் ஒரே மாதிரி ஒன்று இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை. அந்த வயதில் அதைவிடப் பெரிய சொந்தம் என்ன இருக்கிறது?

என் கை அடிக்கடி அங்கே போவதை அம்மா கவனித்துவிட்டாள். தொட்டுப் பார்த்துப் பதறிப் போய் எங்களை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் தலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் அவசரப்படவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. தோலுக்கு அடியில சின்னதா ஒரு பை. முடி வேர்கிட்ட உண்டாகறது. உள்ள மாவு மாதிரி சேந்திருக்கும், அவ்வளவுதான். ஆயுசுக்கும் இப்படியே இருந்தாலும் இருக்கும்."

"எடுத்துற முடியாதுங்களா?"

"எடுக்கலாம். எடுத்தா அந்தப் பையோட முழுசா எடுக்கணும். தொந்தரவு பண்ணாம இருக்கறத எதுக்கு இப்பக் கிழிக்கணும்? நீங்க அமுக்காதீங்க, குத்தாதீங்க, பச்சிலை பத்துன்னு எதையும் போடாதீங்க. சட்டுனு பெருசானா, செவந்து வலிச்சா, கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரும். வீட்டுல வேற யாருக்காவது இருக்குதா?"

அம்மா சற்றும் யோசிக்கவில்லை. "இல்லீங்க" என்றாள். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் சித்தி எங்கள் ரகசியத்தைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. அம்மாவுக்கும் சித்தியுடைய கட்டி தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருடம் தை பிறந்ததும் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆத்தூரில் அரிசி மில் வைத்திருந்த குடும்பம். அப்பா லோடு ஏற்றப் போன பழக்கத்தில் வந்த சம்பந்தம். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. அவர்கள் பேச்சு நம் பேச்சு மாதிரி இல்லை, கொஞ்சம் வேகமாக, வெட்டிவெட்டி இருக்கும். சித்தி அதை எனக்குப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடப் போனால்கூட பவுடர் போட்டுக்கொண்டு போனாள். அப்பா பம்பாயிலிருந்து வாங்கி வந்த வெண்பச்சை நிற பவுடர் டப்பா. அதன் மூடியில் ஒரு பெண் விசிறியோடு நிற்பாள். காலியான பிறகு எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

வெங்காய அறுவடை சமயம் மாப்பிள்ளையின் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கூட ஒரு பெண், சொந்தக்காரியாம். வாசல் முழுக்கச் சின்ன வெங்காயம் காயப் போட்டிருந்தது. இருவரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் படாமல் ஓரமாக நடந்து வந்தது கண்ணில் நிற்கிறது. அப்பா ஊரில் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தூணோரம் உட்கார்ந்து சடையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அக்கா கெட்டவர் இல்லை. இன்றுவரை அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை. வந்ததும் நேராகக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊர்ப் பக்கத்துல இருந்து ஒரு பேச்சு வந்துச்சு. பொண்ணு தலையில கட்டி இருக்குதாமே? யாரோ சொன்னாங்கன்னு முறிச்சுக்கக் கூடாது, நேர்லயே கேட்டுரலாம்னு வந்துட்டோம்."

அம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. சித்தி அடுப்படியிலிருந்து காப்பித் தட்டோடு வந்தாள். கேட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. ஆனால் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இருவருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, "கண்ணு, இங்க வா சாமி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் ஓடினேன். சடை பின்னத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் காலுக்கு நடுவே எப்போதும் போல உட்கார்ந்தேன். அவள் சீப்பின் முனையால் வகிடு எடுத்தாள். நடுவில் எடுக்கவில்லை. வலது காதுக்குப் பின்னால் கோணலாக எடுத்து, முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பிடித்தாள்.

"இதுதானுங்க நீங்க கேள்விப்பட்டது. எனக்கில்லீங்க, இவளுக்குத்தான். ஊர்ல ஆள் மாத்திப் பேசிட்டாங்களாட்ட இருக்குது."

மாப்பிள்ளையின் அக்கா எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். அவர் மோதிரம் தோலில் உரசியது. கூட வந்தவளும் தொட்டாள். "அய்யோ, உருண்டையா இருக்கே" என்றாள். நான் அசையாமல் இருந்தேன். சித்தி அடுத்து "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி" என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் பாதங்கள்தான் தெரிந்தன. கட்டை விரல் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

"நல்லவேளை, கேட்டது நல்லதாப் போச்சு" என்று மாப்பிள்ளையின் அக்கா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சித்தி என் முடியை விட்டுவிட்டு ரிப்பனைக் கட்டினாள். வழக்கத்தைவிட இறுக்கமாக.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஏனுங்க சித்தி, உங்களுக்கும் இருக்கறத ஏன் சொல்லல?"

"உனக்கு இப்பக் கண்ணாலமா நடக்குது? எனக்கு நடக்குது சாமி. உனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

அம்மாவிடம் போனேன். "வாய மூடிட்டு இரு. எங்கயாவது ஒளறி வெச்ச, தோலை உரிச்சுப்போடுவேன்" என்றாள்.

வந்தவர்கள் பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில் யாரிடம் என்ன சொன்னார்களோ, ரெண்டு வாரத்தில் பள்ளிக்கூடத்தில் எனக்கு வெங்காயத் தலைச்சி என்று பெயர் வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்த பெண்கள் பென்சிலால் முடியை விலக்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி தன் பலகையை மாற்றிக்கொண்டாள். அப்படியெல்லாம் ஒட்டாது, சித்திக்கும் எனக்கும் மட்டும்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சித்தியின் கல்யாணம் நின்றுவிடும் என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். மாப்பிள்ளையின் அக்கா நல்லெண்ணத்தில் ஒரு தகவல் சொல்லி அனுப்பினார். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒருவர் கட்டிக்கு மருந்து வைக்கிறாராம், வைத்தால் தானாகக் கழன்று விழுந்துவிடுமாம், பெண்பிள்ளை ஆயிற்றே, கல்யாணத்துக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள் என்று. அம்மா தயங்கினாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று அவர்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"டாக்டரம்மா எதையும் போடாதீங்கன்னு சொல்லிச்சே புள்ள" என்றாள் அம்மா.

"போகலீன்னா நாளைக்கு கேப்பாங்கக்கா. மருந்து வெக்காம ஏன் உட்டீங்க, இது குடும்பத்துல வர்றதான்னு சந்தேகம் வந்துட்டா, என்ற தலையவும் பாக்கோணும்னு வந்து நிப்பாங்க" என்றாள் சித்தி.

ஆனால் என்னிடம் சொன்னது வேறு. பனமரத்துப்பட்டியில் பெரிய ஏரி இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். பக்கத்து அறையில் எல்லாவற்றையும் கேட்டவள்தான் நான். இருந்தும் ஏரி என்றதும் நம்பினேன். மருந்து விஷயத்தை அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டிருப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு எடுத்த மாம்பழக் கலர் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். சேலம் போய் இன்னொரு பஸ் மாறிப் போனோம். ஏரியும் இருந்தது. கோடையில் நீர் உள்வாங்கி, கரையிலிருந்து வெகுதூரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி தெரிந்தது. உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று வாங்கிக் கொடுத்தாள் சித்தி. பாதி தின்பதற்குள் "வா, நேரமாச்சு" என்றாள்.

மருந்து வைப்பவரின் வீடு இருட்டாக இருந்தது. சுண்ணாம்பு வாடையும் அதோடு கலந்து மூக்கைச் சுடும் வேறு ஏதோ ஒரு வாடையும். என்னைப் பாயில் படுக்க வைத்தார்கள். தலை சித்தியின் மடியில். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் காதுக்குப் பின்னால் முடியைச் சிரைத்துவிட்டு, கட்டியின் மேல் குச்சியால் எதையோ அப்பினார். முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு அது எரிந்த எரிச்சலை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"சித்தி, வேண்டாம்னு சொல்லுங்க, சித்தி!"

"அசையாமப் புடிங்கம்மா" என்றார் அந்த ஆள். சித்தி இரண்டு கையாலும் என் தலையை அழுத்திப் பிடித்தாள். அவள் மூச்சில் அதே சோம்பு வாசம். "அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அழுதாள், உண்மைதான். பிடியை மட்டும் விடவில்லை.

கட்டி கழன்று விழவில்லை. புண் பழுத்தது. தலையணையில் சீழ் ஒட்டியது, காய்ச்சலில் கிடந்தேன். அந்த நிலையில்தான் அப்பா நாக்பூரிலிருந்து ஆரஞ்சுக் கூடையோடு வந்து இறங்கினார். என்னைப் பார்த்தவர் கூடையை அப்படியே போட்டார். பழங்கள் வாசலெல்லாம் உருண்டன.

"ஏம்புள்ள, டாக்டரு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்கன்னு நீதான சொன்ன? அப்பறம் எதுக்கு இந்தக் கொடுமை பண்ணுன?"

"யாரோ சொன்னாங்கன்னு போனமுங்க" என்றாள் அம்மா. ஆத்தூர்க்காரர்களிடம் சொன்ன பொய்யைப் பற்றி அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்குச் சாமி போனீங்க?" என்று கேட்டார். அப்பாவின் தோளுக்கு மேலே, கதவோரம் சித்தி நின்றாள். அவள் தலை மெல்ல இடமும் வலமும் ஆடியது. சொல்லாதே. நான் அப்பாவிடம் தண்ணீர் கேட்டேன்.

கூடையில் எஞ்சியதைக்கூட எடுத்து வைக்காமல் என்னை லாரியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே டாக்டரம்மா. புண்ணைக் கழுவும்போது அவர் யாரையும் திட்டவில்லை. கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"மேல இருந்த தோலத்தான் எரிச்சிருக்காங்க. பை உள்ளயேதான் இருக்குது. கட்டி திரும்ப வரும். முடிதான் வராது."

கல்யாணம் வைகாசியில் நடந்தது. என்னைக் கூட்டிப் போகவில்லை. தலைக்கட்டோடு ஒரு பிள்ளை மண்டபத்தில் நின்றால் அபசகுனம் என்றாள் அம்மா. நாலு பேர் நாலு விதமாக விசாரிப்பார்கள் என்பதுதான் நிஜம். பிள்ளை பெற்று வீட்டோடு இருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். போகும் முன் சித்தி வந்து, தாலி கட்டியதும் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவாடையைக் கட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை கதவோரமே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. ஆள் வரவில்லை. மறுநாள் ஒரு லட்டும், பூப் போட்ட ஒரு கைக்குட்டையும் வந்தன.

ஆடிக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கன்னம் சதை போட்டிருந்தது. அம்மாவும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் மொண்டு வைக்கப் போனேன்.

"அவருக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. தலைக்கு எண்ணெய் வெச்சுவிடறேன்னு உக்காந்தாரு, கைக்குத் தட்டுப்பட்டுருச்சு."

அம்மா துருவுவதை நிறுத்தினாள். "அய்யோ, என்ன சொன்னாரு?"

"என்ன சொல்றது? எங்கம்மாவுக்கு முதுகுல எலுமிச்சம்பழமாட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு இது பரவால்லன்னு சிரிச்சாரு!"

அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறியது, சித்தி தலையில் தட்டிவிட்டாள். நான் குடத்தோடு நின்றேன். தலைக்கட்டை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் எட்டணா அளவுக்கு மொழுமொழுவென்று ஒரு வெள்ளை. இரண்டு பேரில் ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்திருந்தால், ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்தியிருந்தால், நான் இதையெல்லாம் இந்த வயதில் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறு வருடம் கட்டி திரும்ப வந்தது, தழும்புக்குப் பக்கத்திலேயே. டாக்டரம்மா சொன்ன மாதிரியே முடி வரவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, முன்பு மறைத்து அம்மா பட்ட பாட்டுக்கு, வந்தவர்களை உட்கார வைத்த உடனே என் முடியை ஒதுக்கிக் காட்டிவிட்டாள். என் மாமியார் ஆன அந்த அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இதெல்லாம் ஒரு விசயமாங்க?" என்றார். அவ்வளவுதான் அது. எப்போதுமே அவ்வளவுதான்.

இப்போதும் இருக்கிறது. சேலத்தில் தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டி வைத்திருக்கிறேன். பெரிதாகாமல், வலிக்காமல் இருக்கும் வரை விட்டுவிடுங்கள் என்கிறார். சீப்பு படாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வப்போது விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன், வேறு வைத்தியம் கிடையாது. சித்தியோடு போக்குவரத்தும் நிற்கவில்லை. விசேஷம் என்றால் போவேன், வருவேன். சித்தப்பா தவறியபோது பத்து நாள் கூட இருந்தேன். அந்தப் பேச்சை மட்டும் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன மாதம் சித்தியின் மகள் போன் செய்தாள். எனக்குத் தங்கச்சி முறை. பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதாள்.

"அக்கா, என் தலையில ரெண்டு கட்டி இருக்குது. டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்ல, குடும்பத்துல வர்றதுதான்னாரு. எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லியேக்கா? அப்ப இது வேற எதோதான. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. புள்ளைங்களுக்குக் கூடச் சொல்லல."

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். நம்ம பக்கம் யாருக்கும் கிடையாது, உங்கக்காவுக்கு மட்டும் இருந்துச்சு, அது அவங்கப்பா வழியில வந்ததுன்னு சொன்னாங்க."

எங்கள் அப்பா வழியாம். லாரியில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய அந்த மனிதரின் தலையில் ஏற்றிவிட்டாள். பெற்ற மகள் புற்றுநோய் என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள், அவளிடமும் அதே பொய்.

"அழுவாத. உங்கம்மா உச்சந்தலையில கை வெச்சுப் பாரு" என்றேன். "அவிய கண்ணாலத்துக்கு முன்னால இருந்தே இருக்குது. இத்தன வருசத்துல அவியள என்ன பண்ணிருச்சு? உன்னயவும் ஒண்ணும் பண்ணாது."

மறுநாள் சித்தி கூப்பிட்டாள். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"ஏஞ் சாமி, இந்த வயசுல என்னய அவகிட்டக் காட்டிக் குடுத்துட்டியே. தூங்கிட்டு இருந்தவ தலையில வந்து கைய வெச்சுப் பாக்கறா. எத்தன கேள்வி கேக்கறா தெரியுமா? எனக்கு எவ்வளவு கேவலமாப் போச்சு? உன்ன எப்படி நம்பியிருந்தேன்!"

அவள் குரல் உடைந்தது. நடிப்பில்லை, அழுதாள். நான் கேட்டேன், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

"ஏனுங்க சித்தி, அன்னிக்கு அந்த ஆத்தூர்க்காரங்க முன்னால நீங்க என்ற தலையப் பிரிச்சுக் காட்டுனீங்களே? அது ஞாபகம் இருக்குதுங்களா?"

சித்தி யோசித்தாள். யோசிப்பது எனக்குக் கேட்டது.

"எப்போ?" என்றாள்.